அறுபத்திரண்டு டிகிரி வீடு

அக்டோபரில் முதல் உறைபனி விழுந்த மறுநாள், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்று வடிகட்டியை மாற்றுவது வெர்னா ஹௌகனின் வேலை. பேஸ்மென்டுக்கு இறங்கி, பழையதை உருவி, அதில் அப்பியிருக்கும் நாய்முடியோடு குப்பைப் பையில் திணித்துவிட்டு, புதியதன் ஓரத்தில் மார்க்கரால் தேதி எழுதிச் செருகுவாள். முப்பத்தொரு வருஷமாக அவள்தான் செய்கிறாள். ஆனால் அந்த ஃபர்னஸை எப்போது எரியவிடுவது, எவ்வளவு எரியவிடுவது என்பதெல்லாம் அவள் புருஷன் ஆர்லினின் இலாகா.

மின்னசோட்டாவின் அந்தச் சிற்றூரில், நவம்பரில் மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமைக்கு முன்னால் வீட்டில் சூடு போடுகிறவனை யாரும் மதிப்பதில்லை. "போட்டாச்சா?" என்பதுதான் காபிக் கடையில் குசலம். சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஆர்லின் அந்தப் பந்தயத்தில் ஒரு வருஷமும் தோற்றதில்லை. போட்ட பிறகும் வீடு அறுபத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது பதினேழு செல்சியஸுக்கு மேல், ஏறாது. ஏற்றினால் இரண்டு அறை தள்ளியிருந்தும் அவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

வெர்னா பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். ஆளே நுழையக்கூடிய குளிர்பெட்டிக்குள் நாளைக்கு இருபது தடவை போய் வந்த விரல்கள் இப்போது லேசான குளிருக்கே நுனிவரை வெளுத்து மரத்துவிடுகின்றன. ஓய்வுக்குப் பிறகு ஊராரின் உடுப்புகளை அளவு திருத்தித் தைத்துக் கொடுக்கிறாள். துணியில் ரத்தப் பொட்டைப் பார்த்த பிறகுதான் ஊசி குத்தியதே தெரிகிறது. வீடு அறுபத்தெட்டுக்குக் குறையக் கூடாது, இல்லையென்றால் தையலை விட்டுவிடு என்று செப்டம்பரில் டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குத் தையலை விட மனமில்லை. ஆர்லினிடம் சொன்னாள். "கையுறை போட்டுக்கோ" என்றான்.

அக்டோபர் நடுவில், வீட்டுச் சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் பழைய வட்ட தெர்மோஸ்டாட் கூடத்துச் சுவரில் உயிரை விட்டது. வேறு வழியில்லாமல் ஆர்லின் புதிது ஒன்று வாங்கி வந்தான். சூட்டுக்கும் குளிருக்கும் சேர்த்து ஒன்றே. பெட்டிக்குள் எழுத்துகள் அச்சடித்த குட்டி ஸ்டிக்கர்கள் இருந்தன. எந்த ஒயர் எந்த எழுத்தில் இருந்ததோ, கழற்றும் முன் அதை அந்த ஒயரில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

"ஒட்டிட்டுக் கழட்டு, ஆர்லின். இல்லேன்னா ஒரு போட்டோவாவது எடுத்துக்கறேன்."

"எதுக்கு? சிவப்புன்னா கரண்ட். வெள்ளைன்னா சூடு. மஞ்சள்னா ஏசி. பச்சைன்னா ஃபேன். நாலு கலர் தெரியாதவனுக்குத்தான் ஸ்டிக்கர்."

பேசிக்கொண்டே நான்கையும் கழற்றிவிட்டான். ஐந்தாவதாக வெள்ளை ஒயர் ஒன்று சுவருக்குள் சுருண்டு கிடந்தது.

"பார்த்தியா லெராய் செஞ்ச வேலைய. வெள்ளைய மாட்டாமலே விட்டிருக்கான்." வீட்டுக்கு ஒயர் இழுத்தது அவன் தம்பி லெராய்.

"வெள்ளைய மாட்டாமலா இத்தனை வருஷம் சூடு வந்துது?" என்று வெர்னா கேட்டாள்.

"அந்த டார்ச்சை நேரா பிடி."

வெள்ளை, சூட்டுக்கான டபிள்யூவுக்குப் போனது. நீலம் மிஞ்சியது, சி என்ற எழுத்தும் மிஞ்சியது. ஒன்றில் மற்றொன்றைச் செருகினான். பேட்டரி போட்டதும் திரை எரிந்தது. 'சூடு' என்பதை அமுக்கினான். டிக்கென்று ஒரு சத்தம். திரையில் தீக்கொழுந்துப் படம் வந்தது. கீழே ஃபர்னஸ் மூச்சுக் காட்டவில்லை.

"அஞ்சு நிமிஷம் ஆகும். புது சாமான்" என்றான் ஆர்லின்.

ஐந்து நிமிடம் ஆனது. பிறகு அரை மணி. கழற்றி மாட்டினான், பேட்டரியைத் திருப்பிப் போட்டான், திருகுகளை இறுக்கினான். சுவரில் உள்ளங்கையால் ஒரு அடியும் கொடுத்தான். வீடு ஐம்பத்தாறுக்கு இறங்கியிருந்தது. வெர்னாவின் வலது கையில் மூன்று விரல்கள் மெழுகுவர்த்திபோல் ஆகிவிட்டன.

"பேசாம ஆளைக் கூப்பிடலாம்."

"நாலு ஒயர் மாட்ட ஒரு ஆளா? ஊர்ல சிரிப்பாங்க."

அவன் அரிசோனாவுக்குப் போன் போட்டான். லெராய் குளிர்காலத்தை அங்கேதான் கழிக்கிறான். ஸ்பீக்கரில் அவன் குரலோடு நீச்சல் குளத்துச் சத்தமும் வந்தது.

"நான் செஞ்சதுல தப்பே இருக்காது, அண்ணே. நீ வாங்கினது ஓட்டை சாமான்."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

"லெராய், நீலத்தை கீழே எதுல மாட்டினே?" என்று வெர்னா குறுக்கிட்டாள்.

"வெர்னாவா? எப்படி இருக்கே? நீலமா... நேத்து என்ன சாப்பிட்டேன்னே ஞாபகமில்ல, நீ வேற. இங்க தொண்ணூறு டிகிரி, தெரியுமா?"

அண்ணனும் தம்பியும் தெர்மோஸ்டாட் செய்தவர்களைத் திட்டத் தொடங்கினார்கள். வெர்னா டார்ச்சை எடுத்துக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்கினாள்.

ஃபர்னஸின் பக்கத்து சுவிட்சை அணைத்துவிட்டு, கீழ்க்கதவைக் கழற்றினாள். உள்ளே சர்க்யூட் பலகையில் அதே எழுத்துகள். டபிள்யூவில் நீலம். மின்சாரம் திரும்பிப் போகிற சியில் வெள்ளை. லெராய் கையில் கிடைத்ததை அங்கே மாட்டியிருக்கிறான். மேலே ஆர்லின் கலரை நம்பிச் செருகியதில் மின்சாரம் நேராகத் திரும்பி ஓடியிருக்கிறது. பலகையின் ஓரத்திலிருந்த ஊதா நிற ஃப்யூஸ் உள்ளுக்குள் கருகியிருந்தது. காரில் போடுகிற அதே ஃப்யூஸ். கராஜில் ஆர்லினின் காபி டப்பா நிறைய அது கிடக்கும். அவளே போய் எடுத்து வந்தாள். மரத்த விரலுக்கு அது அகப்படவில்லை. இரண்டு தடவை கீழே விழுந்து, மூன்றாம் தடவை இடுக்கியால் பிடித்துச் செருகினாள்.

மேலே வந்து கூடத்துச் சுவரில் நீலத்தையும் வெள்ளையையும் இடம் மாற்றினாள். ஆர்லின் அப்போது சமையலறையில் நின்று, போனைத் தோளில் இடுக்கியபடி, பூசணிக்காய் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தான்.

அவள் மறுபடி இறங்கி சுவிட்சைப் போட்டதும் ஃபர்னஸ் பெருமூச்சு விட்டு எழுந்தது. தரையில் பதித்த கம்பித் தட்டி வழியாக, எரிந்த தூசியின் வாசனையோடு சூடான காற்று வந்தது. வெர்னா மேலே வந்து அதன் மேல் கைகளை விரித்து நின்றாள். விரல்களில் ரத்தம் திரும்பும்போது வலி உயிரை எடுத்தது.

"கேக்குதா லெராய்? ஓடுது" என்று ஆர்லின் போனில் சொன்னான். "கொஞ்சம் பொறுத்தா தானா சரியாகும்னு இவகிட்ட அப்பவே சொன்னேன். ஆமாமா, முடிச்சாச்சு."

"ஃப்யூஸ் போயிருந்துது, ஆர்லின். ரெண்டு ஒயரு மாறியிருந்துது. நான்தான் மாத்தினேன்."

"இருக்கும் இருக்கும்" என்றான், போனை வைத்துக்கொண்டே. "டைட்டா மாட்டினியா?"

அவன் கூடத்துக்கு வந்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தெர்மோஸ்டாட்டில் அவள் வைத்திருந்த அறுபத்தெட்டைப் பார்த்தான். கட்டைவிரலால் அமுக்கினான். அறுபத்தேழு. அறுபத்தாறு. ஒவ்வொரு அமுக்கலுக்கும் அது சின்னதாக ஒரு சத்தம் போட்டது. அறுபத்திரண்டில் நிறுத்தினான். வீடு அதை எட்டியதும் ஃபர்னஸ் அணைந்துவிடும்.

"டாக்டர் சொன்னதைச் சொன்னேன்ல" என்றாள் வெர்னா.

"மான் வேட்டைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. இதுவே உனக்காகத்தான் போட்டேன். ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போடு."

அவள் போட்டிருந்தது இரண்டாவது ஸ்வெட்டர். அவன் அதைப் பார்க்கவில்லை. கவிழ்ந்து கிடந்த பெட்டிக்குள் எதையோ துழாவினான்.

"வெர்னா, இதை யாரும் தொடாம பூட்டி வைக்க முடியுமாமே. நம்பர் போட்டு. எப்படின்னு அந்தப் புத்தகத்துல பாரேன்."

செய்முறைப் புத்தகம் அவள் பக்கத்தில்தான் கிடந்தது. அவள் அதை எடுத்து மடித்து ஸ்வெட்டர் பையில் வைத்துக்கொண்டாள்.

"வெர்னா? எத்தனாம் பக்கம்?"

அவள் தையல் கூடையை எடுத்துக்கொண்டு கூடத்தை விட்டு வெளியே போனாள்.