முன் அச்சு, இரண்டு டயர், ஓர் அவரைப் பந்தல்

வருஷக்கணக்கில் இரும்போடு கிடந்து கறுத்துப்போன கிரீஸுக்கு ஒரு தனி வாசனை உண்டு. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் கருகல், அடியில் எங்கோ மண்ணெண்ணெய். போன வாரம் எறையூர்ச் சாலையில், கரும்பு வண்டிகளுக்கு நடுவே, நாங்கள் வந்த வாடகைக் காரின் முன் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கார் தடதடத்து வரப்போரம் இறங்கி நின்றது. பின் இருக்கையில் என் மகள், வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு வருகிறவள், ஏழு மாதக் கர்ப்பிணி. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவள் நிதானமாக இறங்கி, கடிக்க ஒரு துண்டுக் கரும்பு கிடைக்குமா என்று கேட்டாள். நான்தான் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றி, முறிந்துபோன சாண் நீள இரும்பு முளை ஒன்றை உருவி என் உள்ளங்கையில் வைத்து, "இதாங்கம்மா போயிருக்கு, கிங்பின்னு சொல்லுவாங்க" என்றார். அந்த வாசனை எனக்கு ஒன்பது வயதிலிருந்தே பழக்கம்.

அப்போது இரண்டாவது உலக யுத்தம் நடந்த சண்டைக் காலம். குன்னத்தில் எங்கள் மாட்டுக் கொட்டகையின் கோடியில் தாத்தா வாங்கிவிட்டுப் போன மோட்டார் ஒன்று நின்றது. அதை ஓட்டிய டிரைவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார்; பெட்ரோலோ கூப்பனுக்குத்தான். வீட்டில் ஒருவருக்கும் அதை ஓட்டத் தெரியாது. அதன் இருக்கையில் கோழி அடைகாத்தது, கூரைமேல் அம்மா வற்றல் காயவைத்தாள். அப்பா மட்டும் வாரம் ஒரு தடவை ஈரத் துணியால் அதைத் துடைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வருவார்.

அதைப் பிரிக்கலாம் என்று ஒருநாள் அவரே சொன்னதற்குக் காரணம் கமலம் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அரியலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. முந்தின வருஷம் அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வரும்போது, இரும்புப் பட்டா அடித்த கட்டை வண்டி வண்டித்தடத்தின் பள்ளங்களில் விழுந்து எழுந்ததில் பாதி வழியிலேயே வலி கண்டு, குழந்தை தங்கவில்லை. இப்போது மறுபடி ஏழாம் மாதம். அங்கே மாமியார் படுத்த படுக்கை, கவனிக்க ஆள் இல்லை. ஆனால் கட்டை வண்டியில் அனுப்ப மாட்டோம் என்று அவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கரி வாயுவில் ஓடிய பஸ்ஸோ, வழியெல்லாம் நின்று நின்று, ஏறினவர்களையே இறங்கித் தள்ளச் சொல்லும். அப்பா இரண்டு நாள் சாப்பாட்டில் மனம் வைக்காமல் இருந்துவிட்டு, அரியலூர் ஸ்டேஷன் பக்கம் மூட்டை ஏற்ற வந்த ஒரு "டயர் வண்டி"யைப் பற்றி அம்மாவிடம் சொன்னார். மோட்டாரின் அச்சையும் சக்கரத்தையும் மாட்டு வண்டிக்குப் பூட்டியிருந்தார்களாம். குடத்துத் தண்ணீர் தளும்பாமல் போனதாம்.

"அப்ப நம்ம மோட்டாரு?" என்றாள் அம்மா.

"மோட்டாரா பெருசு?" என்றார் அப்பா.

மறுநாள் ஆசாரி வந்தார். எங்கள் ஊரில் ஏருக்குக் கொழு அடிப்பதும் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா கட்டுவதும் அவர்தான். வாய் ஓயாதவர். மோட்டாரை ஒரு சுற்று வந்து, டயரில் ஓர் உதை விட்டு, "பூ மாதிரி கழட்டிப்புடலாம்" என்றார். அந்தப் பூவைக் கழற்றுவதற்குள் ஊரே எங்கள் கொட்டகையில் கூடிவிட்டது. ஜாக்கி கிடையாது. கிணற்று ஏற்றத்தின் கழியை நெம்புகோலாகக் கொடுத்து ஆறேழு பேர் தொங்க, மோட்டார் மூக்கைத் தூக்கியது. அடியில் பனங்கட்டைகளை அடுக்கினார்கள். கோழி கத்திக்கொண்டு ஓடியது. ஒவ்வொரு நட்டும் துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு என்பதால் அம்மா விளக்கெண்ணெயைக் காய்ச்சித் தந்தாள், அதை ஊற்றி, ஊறவிட்டு, சம்மட்டியால் தட்டி, ஆசாரி நட்டுகளோடு பேசினார்: "வாடி வாடி, ஒன் புருசன் பட்டாளத்துலேர்ந்து வரமாட்டான், நீ எங்கூட வா." அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததை அன்றுதான் நான் முதலில் பார்த்தேன்.

என் வேலை பேரிங் குண்டுகள். சக்கரக் குடத்துக்குள்ளிருந்து அவை கறுப்புக் களிம்போடு விழும். நான் அவற்றைச் சீயக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் தாம்பாளத்தில் உருட்டிவிடுவேன். கோயில் மணியைத் தூரத்தில் கேட்பதுபோல் ஒரு ரீங்காரம் வரும். தெருப் பிள்ளைகளெல்லாம் "ஒரு தடவை, ஒரே தடவை" என்று கெஞ்ச, நான் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பேன். என் பாவாடையில் படிந்த கிரீஸ் கடைசிவரை போகவே இல்லை.

முன் அச்சு தனியாக வந்தது. அதன் இரு முனையிலும் சக்கரம் மாட்டும் குடம், குடத்தை அச்சோடு பிடிக்கும் அந்தக் கிங்பின். "இது அசையாது, அசைக்கவும் வேணாம், அப்படியே கெடக்கட்டும்" என்று ஆசாரி அதை விட்டுவிட்டார். இரண்டு குடத்தையும் இணைத்துக் குறுக்கே ஒரு கம்பி ஓடியது. "இது ஸ்டீரிங்குக்கு உள்ளது. ஸ்டீரிங்கே இல்ல, இது எதுக்கு" என்று அதையும் கழற்றி எறிந்தார். அம்மா எடுத்துப்போய்க் கொல்லையில் நட்டு, அவரைக்கொடியை அதில் ஏற்றிவிட்டாள்.  பிறந்ததிலிருந்து மாட்டு வண்டியே பார்த்த எங்களுக்கு, சக்கரம் என்றால் உருளும், அவ்வளவுதான். திரும்புவது மாட்டின் வேலை.

மார்கழி முடியும் சமயம் வண்டி தயாராயிற்று. அவரை பூத்துவிட்டது. மறுவாரம் அத்தையை அழைத்து வர நாள் பார்த்தாயிற்று. வெள்ளோட்டத்துக்கு மாட்டுக்கு மஞ்சள் தடவி, தேங்காய் உடைத்து, அப்பாவே முன்னால் ஏறி உட்கார்ந்தார். பத்து அடிவரை அழகாகத்தான் போயிற்று. சத்தமே இல்லை. பிறகு ஒரு கல்லில் இடது சக்கரம் ஏறியதும் அது இடப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. விளக்கெண்ணெய் ஊறி ஊறி, அசையாத கிங்பின் அதற்குள் நன்றாகவே இளகியிருந்தது. வலது சக்கரம் வலப்பக்கம் பார்த்தது. மாடுகள் நேரே இழுக்க, வண்டி நண்டுபோல் நகர்ந்து, பக்கத்து வெங்காயக் காட்டுக்குள் இறங்கி, இரண்டு பாத்தியை உழுதுவிட்டு நின்றது.

"என்ன ஆசாரி," என்றார் வெங்காயக்காரர், கோபப்படக்கூட மறந்து, "ஒரு சக்கரம் பெரம்பலூரு போறேங்குது, ஒண்ணு அரியலூரு போறேங்குது. மாட்டக் கேட்டீங்களா எங்க போறதுன்னு?"

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ஆசாரி முதல் தடவையாகப் பேசாமல் நின்றார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வண்டியிலிருந்து இறங்காமலே, "இதுல கமலம் இருந்திருந்தா" என்றார்.  வண்டியை மறுபடி கட்டை வண்டியாக்கவும் முடியாது, மோட்டாராக்கவும் முடியாது. அங்கே தங்கச்சி நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அம்மா, சேற்றில் இறங்கி, இரண்டு சக்கரத்தையும் ஒரு முறை குனிந்து பார்த்தாள். "ஏங்க, இதுங்க ரெண்டையும் ஒண்ணா புடிச்சிக்கிட்டு இருந்த கம்பியைத்தான எங்கிட்ட குடுத்தீங்க?" என்றாள். யாரும் பதில் சொல்வதற்குள் கொல்லைக்கு நடந்துவிட்டாள். நானும் ஓடினேன். அவ்வளவு பூவும் பிஞ்சுமாக இருந்த கொடியை அவள் ஒரே இழுப்பில் உரித்துப் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடுங்கினாள். நான் அழப்போனேன். "அவரை அடுத்த பட்டத்துக்கு வரும்டி" என்றாள்.

ஆசாரி கம்பியைப் பழைய இடத்திலேயே பூட்டினார். அதோடு விடாமல், பழுக்கக் காய்ச்சிய பட்டைகளால் அதை அச்சோடு சேர்த்து இறுக்கிவிட்டார். பிறகு சக்கரத்தின் தலையை இரு கையாலும் பிடித்து ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். அசையவில்லை. "இப்ப பேசச் சொல்லுங்க வெங்காயக்காரரை" என்றார். வாய் திரும்பிவிட்டது.

அத்தையை அழைக்கப் போனபோது நானும் வண்டியில் இருந்தேன். திரும்பி வருகையில் வைக்கோல்மேல் மெத்தை, மெத்தைமேல் அத்தை. முதலில் இரண்டு கையாலும் பக்கத்துத் தட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணை மூடினாள். அப்பா வண்டியில் ஏறவே இல்லை. வழிமுழுக்க மாட்டுக்கு முன்னால் நடந்து, தடத்தில் கிடந்த கல்லையெல்லாம் காலால் எட்டித் தள்ளிக்கொண்டே வந்தார்.

"அண்ணே, வந்து ஒக்காருண்ணே. வழியில போறவங்க ஒன்னயும் ஒரு மாடுன்னு நெனைக்கப் போறாங்க."

"நீ பேசாம வா."

"பாப்பா, ஒங்கப்பனுக்குக் கொஞ்சம் புல்லு போடு" என்றாள் என்னிடம். சிறிது தூரம் போனதும் பேச்சு நின்றது. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்து, கை தட்டியை விட்டு நழுவி. நான் இறங்கி ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வைதான் என்றார்.

பங்குனியில் பிறந்தவன் இன்று திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வண்டி எப்போதோ பிரிந்துவிட்டது. மோட்டாரின் மிச்சமெல்லாம் எடைக்குப் போயிற்று. அவரைக் கொல்லையில் இப்போது ஒரு மோட்டார் ரூம் இருக்கிறது, தண்ணீர் இறைக்கிற மோட்டார். அப்பாவும் அம்மாவும் இல்லை.

நாளைக்கு மகளை டாக்டரிடம் காட்ட அதே காரில் திருச்சிக்குப் போக வேண்டும். டிரைவர் இரண்டு பக்கமும் புதுக் கிங்பின் போட்டுவிட்டார். நான் கேட்டதற்காகச் சக்கரத்தின் தலையைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். அசையவில்லை. "போதுமாம்மா?" என்றாள் மகள், சிரித்துக்கொண்டு. போதும் என்றேன். ஆனாலும் வாசலுக்கு வந்து சாலையைப் பார்த்தேன். கறுப்பாக, வழவழவென்று, கண்ணுக்கு எட்டும்வரை தார் போட்டுக் கிடக்கிறது. முன்னால் நடந்து எட்டித் தள்ள ஒரு கல்கூட இல்லை.