புஷ்பலதா எடுத்த பெரட்டு

தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பலும் விற்கும் புஷ்பலதாவின் நாசி லெமாக் கடை சுங்கை சிப்புட்டில் இருக்கிறது. அவள் சம்பல் கிண்டினால் ஈப்போவில் தும்முவார்கள். நம்பாதவர்கள் கைக்குட்டையோடு போய்ப் பார்க்கலாம்.

கைப்பேசியில் ஆர்டர் அனுப்பும் எவரையும் அவள் வெறும் பெயரில் பதிந்ததில்லை. மனிதருக்கு நாக்குத்தான் அடையாளம் என்பது அவள் கட்சி. ஆகவே அதில் ‘நெத்திலி கூட தர்மா’ இருந்தான்; ‘வெள்ளரிக்கா வேணாம் கார்த்திகேசு’ இருந்தார்.

ஒருநாள் அவள் தங்கை ஷர்மினி கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். கிளினிக்கில் நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடும் தாதி அவள். ஏதோ ஒரு கைப்பேசிக் குழுவில் ஊர்ப் பெண்களின் முகங்களை எடுத்து, கணினி வரைந்த அம்மண உடம்புகளில் ஒட்டிக் கும்மாளம் போடுகிறார்களாம். அவள் முகமும் அதில் வந்திருந்தது.

“இனிமே ஆளுங்க முன்னால நின்னு எப்படிக்கா பேர் கூப்பிடுவேன்? நான் வேலைக்கே போகல.”

“அந்த உடம்பு உன்னுது இல்ல. வெக்கம் மட்டும் உன்னுதாடி? அந்தக் குழு எங்க இருக்கு, காட்டு.”

ஷர்மினியின் கைப்பேசியில் எல்லாம் முகமூடிகள்: ‘கருஞ்சிறுத்தை’, ‘பேராக் கிங்’. குழுவின் இணைப்பைத் தட்டிப் புஷ்பலதாவும் தன் கைப்பேசியில் உள்ளே நுழைந்தாள். எண் பதிந்திருந்தால், பதிந்தவர் வைத்த பெயரையே காட்டும் செயலி அது. கருஞ்சிறுத்தை ‘நெத்திலி கூட தர்மா’வாகப் பல்லிளித்தது. குழுவை நடத்தும் பேராக் கிங், ‘சம்பல் தனியா யுகேந்திரன்’!

புஷ்பலதா சிரித்த சிரிப்பில் கூடையிலிருந்த முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் ஓடின.

அத்தனையையும் படம்பிடித்து இருவரும் போலிஸில் புகார் கொடுத்தார்கள். போலிஸ்காரர்கள் வந்து யுகேந்திரனைக் கைப்பேசியோடு அழைத்துப் போனார்கள். விஷயம் தெரியாத மற்றவர்கள் இன்னும் குழுவுக்குள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை, தோட்டத்துப் பெரட்டில் கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிட்டு ஆள்கணக்கு எடுக்கிற தோரணையில், புஷ்பலதா அந்தக் குழுவிலேயே குரல்பதிவு போட்டாள்.

“பெரட்டு! எல்லாரும் வரிசையா நில்லுங்கடா! நெத்திலி கூட தர்மா, வந்தாச்சா?”

“அக்கா, தெரியாம உள்ள வந்துட்டேன்லா!”

“தெரியாம வந்தவன் ஏண்டா ஒவ்வொரு படத்துக்கும் கைதட்டுன? வெள்ளரிக்கா வேணாம் கார்த்திகேசண்ணே! பேத்திக்குக் காதுகுத்து வச்சிருக்கிற ஆளு, இங்க என்ன தோடு தேடுறீங்க?”

கார்த்திகேசு ஓடிய வேகத்தில் அவர் செருப்பு ஈப்போவையும் தாண்டி பீடோரில் போய் விழுந்தது. பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவனாக வெளியே பாய்ந்தான். மறுபடி சாத்திக் கிடந்த ஷர்மினியின் அறைக் கதவுக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு. கதவு திறந்தது. ஷர்மினி அக்காவின் கைப்பேசியைப் பிடுங்கினாள்.

“சம்பல் தனியா யுகேந்திரன்!” என்று கூப்பிட்டு, பதிலையும் அவளே சொன்னாள்: “லோக்காப்புல இருக்காரு. இன்னைக்கு ஆப்சென்ட்!”

அதற்கு மேல் கூப்பிட ஆளில்லை. சீருடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்று கிளினிக்கில் நல்ல கூட்டம். பெரட்டு கேட்ட பயத்தில் பேதி கண்ட ஒருவன், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி நாற்காலியில் சுருண்டிருந்தான். ஷர்மினி நிமிர்ந்து நின்றாள். கூடமே திரும்பிப் பார்க்கும்படி, கணீரென்று கூப்பிட்டாள்:

“நெத்திலி கூட தர்மா!”