பின்னூட்டத்தில் வந்த வேண்டுதல்

அப்போது எனக்கு அரக்கோணத்தில் டைப் அடிக்கும் வேலை. மாலை ரயிலில் திருத்தணியில் இறங்கியதும் நேராக வீட்டுக்குப் போகமாட்டேன். கடைத்தெருவில் ஓர் அக்கா நடத்திய பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவேன். வேறு வேலை தேடுவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மையில் கதை எழுதிக்கொண்டிருந்தேன்.

டிவியில் ஓடிய ஒரு தொடரில் கணவனையும் மனைவியையும் பிரித்துவிட்டிருந்தார்கள். அவர்களைச் சேர்த்துவைத்து, ஓர் இணையக் குழுமத்தில் வாரம் ஓர் அத்தியாயம் போட்டேன். ஆங்கில எழுத்தில் தமிழ், எனக்கு ஒரு பொய்ப் பெயர். போட்ட கொஞ்ச நேரத்தில் பின்னூட்டங்கள் வரும். ‘நான்தான் ஃபர்ஸ்ட்’ என்று துள்ளுவாள் ஒருத்தி. ஒருவர் ரோஜாப் படங்களை வரிசையாக ஒட்டிவிட்டுப் பேசாமல் போய்விடுவார். ஒரு பெண் மட்டும் நான் ரசித்து எழுதிய வரிகளையே சரியாகப் பொறுக்கி எடுத்து, கீழே ‘இதை நாலு தடவை படிச்சேன்’ என்று எழுதுவாள். அவளுக்காகத்தான் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஓர் அத்தியாயத்தில் கதாநாயகனை லாரியில் அடிபட வைத்து ஐசியூவில் சேர்த்தேன். அடுத்ததில் அவன் சாக வேண்டும். நோட்டில் எழுதியும் முடித்துவிட்டேன். அதைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்த அன்றைக்குத்தான் அவளுடைய தனிமடல் வந்தது.

‘எங்க வீட்டுக்காரரும் ஐசியூலதான் இருக்கார். ஆஸ்பத்திரி எதிர்ல இருக்கற கடையில உக்காந்து உங்க கதையைப் படிக்கறேன். கண்ணைத் திறந்துட்டா திருத்தணிக்கு வந்து மொட்டை போட்டுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். அவனைப் பொழைக்க வெச்சிடுங்க.’

யார் கண்ணைத் திறந்தால்? அவள் கணவனா, என் கதையில் படுத்திருப்பவனா? மூன்று முறை படித்தும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவளுக்கே அது தெரியவில்லை என்று புரிந்தபோது நோட்டை மூடிவிட்டேன்.

“இன்னாம்மா, மூஞ்சி வெளுத்துப்போச்சி? கெட்ட சேதியா?” என்றார் அக்கா.

“ஒண்ணும் இல்லக்கா” என்று எழுந்துவிட்டேன்.

அப்பாவுக்கு மலைக்கோவில் மடப்பள்ளியில் சமையல் வேலை. மறுநாள் அவர் சாப்பிடும்போது கேட்டேன். “ஒருத்தங்க வேண்டிக்கினது நடக்கலன்னா யார் மேலப்பா குத்தம்?”

அவர் கை தட்டிலேயே நின்றது. “யாரு வேண்டிக்கினாங்க? உனக்கு இன்னா ஆச்சி? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“எனக்கில்லப்பா, சும்மா கேட்டேன்.”

அவர் நம்பவில்லை. அன்று படுக்கப் போகும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நோட்டில் அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன். அவன் கண்ணைத் திறந்தான். ‘சினிமா மாதிரி முடிச்சிட்டீங்க’ என்று சிலர் குறைபட்டார்கள். ரோஜாக்கள் வந்தன. அவள் பின்னூட்டம் மட்டும் வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. நான் பிழைக்க வைத்தவன் கதையில் எழுந்து நடந்துகொண்டிருந்தான். அங்கே அவள் கணவன் செத்திருந்தால் அதைவிடக் கொடுமை உண்டா? மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பெண் யாராவது தெருவில் போனாலே, அவளாக இருக்கக்கூடாதா என்று நின்று பார்ப்பேன்.

ஏழு வாரம் கழித்து மடல் வந்தது. ‘வீட்டுக்கு வந்துட்டார். வலது கை மட்டும் வரலை. கிருத்திகைக்குத் திருத்தணி வர்றோம். நீங்க எந்த ஊர்? உங்களையும் பாக்கணும்.’

சென்னை என்று பொய் எழுதினேன்.

ஆனாலும் கிருத்திகையன்று மொட்டை போடும் இடத்துக்கு எதிரே போய் நின்றேன். கூட்டத்தில் எப்படி அடையாளம் தெரியப்போகிறது என்று நினைத்தேன். தெரிந்துவிட்டது. தொங்கும் வலது கையை இடது கையால் பிடித்தபடி ஒருவர். அவருக்குச் சோடா பாட்டிலைச் சாய்த்துப் பிடித்திருந்த ஒரு மொட்டைத் தலைப் பெண். என் அம்மா வயது இருக்கும். நான் அவளை என் வயதுக்காரியாகவே நினைத்திருந்தேன்.

அவள் நேராக என்னிடம் வந்தாள்.

“ஏம்மா, பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போகணும்?”

“ஆங்... இப்படியே எறங்கிப் போங்க, கீழ ஆட்டோ நிக்கும்” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, கணவனின் தோளைத் தாங்கியபடி மெல்ல நடந்தாள். கூப்பிட்டிருக்கலாம். அந்த மொட்டைத் தலை கூட்டத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டே அத்தியாயத்தில் கதையை முடித்தேன். ‘அடுத்த கதை எப்போ?’ என்று முதலில் கேட்டவள் அவள்தான். இனி கதையில் யாரையும் சாகடிக்கவும் பயம், பிழைக்க வைக்கவும் பயம்; நான் பதில் போடவில்லை. அக்கா கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன்.