மேலே மூன்று படிகள்

அரியமங்கலத்து வெல்டிங் பட்டறையை விட்டு ஒரு மைல் நடந்திருப்பேன். தோளில் பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, சோப்பு டப்பா. வேலையை விட்டு நடப்பது எனக்குப் பழகிய காரியம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து அப்படித்தான். சமயபுரத்தில் ஒரு லாட்ஜில், ஒருவர் படுத்த விரிப்பைத் துவைக்காமல் உதறி அடுத்தவருக்கு விரிக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் கிளம்பிவிட்டேன். ஒரு மெஸ்ஸில் முந்தின நாள் சாம்பாரில் வெந்நீர் ஊற்றினார்கள். அங்கேயும் நிற்கவில்லை. யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. தப்பு நடக்கும் இடத்தில் நான் இல்லை, அத்தோடு என் பங்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை விஷயம் ஒரு இரும்பு ஏணி. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்குச் செய்தது. அந்த வீட்டுப் பெரியவர் தினமும் விடியற்காலையில் குளித்து, தன் மடி வேட்டியைத் தானே பிழிந்து, வேறு யார் கையும் படாத இடத்தில் உலர்த்துவார். அதற்காக மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கொடி கட்டியிருந்தது. ஏறுகிற மூங்கில் ஏணி ஆடியதால் இரும்பில் கேட்டார்கள். படிகளுக்கு வெட்டிய குழாயில் மேல் மூன்றும் ஒரு விரலகலம் குட்டையாகிவிட்டன. வேறு குழாய் வாங்க முதலாளி சம்மதிக்கவில்லை. வெல்டர் அந்த இடைவெளியில் ராடுத் துண்டுகளைச் செருகி மேலாகப் பற்றவைத்தார். நான் கிரைண்டர் பிடித்து, பிரைமர் பூசி, சில்வர் பெயிண்ட் அடித்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது.

அன்று காலை கொண்டுபோய் மாட்டினோம். பெரியவரின் மனைவி, அந்த வீட்டு மாமி, கீழே நின்று பார்த்துவிட்டு, "இனிமே என் வயத்துல நெருப்பு இல்லை. நாளைக்குக் கார்த்தாலேர்ந்து தைரியமா ஏறுவார்" என்றார்.

அது காதிலேயே நின்றுவிட்டது. பட்டறைக்குத் திரும்பியதும் மேல் மூன்று படிகளை மாற்றித் தரலாம் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"கோயில் யானையா ஏறப் போகுது? மெலிஞ்ச மனுசன் ஒருத்தர். தாங்கும், போ."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காந்தி மார்க்கெட் பக்கம் வந்தபோது வெல்டர் போனில் கூப்பிட்டார்.

"எங்கடா போற?"

"தெரியலண்ணே. அந்த ஏணி மனசுக்குச் சரியா படல."

"பெரிய தர்மப்பிரபு. நான் ராடு வச்சு மூடுனேன், நீ பெயிண்ட் வச்சு மூடுன. நீ நடந்து போனா பெயிண்ட் உரிஞ்சிடுமா?"

"நீங்க போய்ச் சொல்லுங்கண்ணே."

"எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. ஒனக்கு ஒரு பைதான இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திட்டத்தான் கூப்பிட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் கேட்டது என் கூடவே நடந்து வந்தது. லாட்ஜில் நான் போன பிறகு அந்த விரிப்பில் படுத்தவர்களைப் பற்றி அதுவரை ஒரு நாளும் யோசித்ததில்லை. என் கை சுத்தமாக இருந்தால் போதும் என்பதையே நேர்மை என்று வைத்திருந்தேன். இப்போது கையும் சுத்தமில்லை. நகக்கண்ணில் சில்வர் பெயிண்ட் ஒட்டியிருந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன்.

மாமிதான் கதவைத் திறந்தார். "ஏணி மாட்டினவன்தானே? என்னத்தை மறந்துட்டுப் போனே?"

"மேல மூணு படி சரியில்லைங்க. அய்யா ஏற வேணாம்."

பெரியவர் உள்ளேயிருந்து வந்தார். மாடிக்குக் கூட்டிப்போய், "காட்டு" என்றார். அவர்கள் வீட்டுச் சுத்தியலை வாங்கி மேல்படி ஓரத்தில் தட்டினேன். மூன்றாவது தட்டில் பூச்சு உதிர்ந்து, உள்ளேயிருந்த ராடுத் துண்டு ஆடியது.

"தெரிஞ்சுண்டேதான் பெயிண்ட் அடிச்சியா?"

"ஆமாங்க."

"கார்த்தால மாட்டறச்சே சொல்லலையே?"

"சொல்லலைங்க."

"இப்போ யார் சொல்லி வந்தே?"

"நானாத்தாங்க" என்றேன். அது முழு உண்மையில்லை. வெல்டர் பேரை இழுக்கவில்லை; அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

பெரியவர் என்னைத் திட்டவுமில்லை, பாராட்டவுமில்லை. முதலாளிக்குப் போன் போட்டு நிதானமாகப் பேசினார். நாலு நாளில் வேறு ஏணி தருவதாகச் சொன்னார்களாம்.

"நாலு நாளும் அந்த மூங்கில் ஏணிலயா? தொட்டி மேல ஏறாம, கீழ மொட்டைமாடியிலேயே உலர்த்தினா என்னவாம்?" என்றார் மாமி.

"குடியிருக்கறவா எல்லாரும் துணி உலர்த்தற இடம்." பெரியவர் என் பக்கம் திரும்பினார். "விடியக் காலம்பற அஞ்சு மணிக்கு வருவியா? வேஷ்டி மேல கை படப்படாது. ஏணியை மட்டும் பிடிச்சுக்கணும்."

"பாதியில விட்டுட்டுப் போயிட மாட்டியே?" என்று கேட்டார் மாமி.

"மாட்டேங்க."

மறுநாள் ஐந்து மணிக்கு அந்த வேலையில் சேர்ந்தேன். நாலு நாள் வேலை. ஏணியின் அடியைக் காலால் அண்டைகொடுத்து, இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தேன். பெரியவர் பிழிந்த வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு படிக்கும் மூங்கில் ஒரு ஆட்டம் ஆடியது. வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி என் கழுத்தில் இறங்கியது. அவர் மேலே வேட்டியை உதறி விரிக்கும் சத்தம் கேட்டது. அவர் இறங்கி வரும்வரை ஏணியை விடாமல் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.