ஜெனீவாவுக்கு ஒரு சாட்சி: குத்தாலத்திலிருந்து தஞ்சாவூர் வரை

காலை 6.20. குத்தாலத்தில் கும்பகோணம் பஸ் ஏறினோம், நானும் மெகருன்னிசாவும். அவள் கணவன் ஹமீதும் நானும் வெளிநாட்டில் ஒரே அறையில் தங்கி வாய்க்கால் வெட்டியவர்கள். அங்கே பக்கத்து நாட்டுச் சண்டை எல்லை தாண்டி வந்த ஒரு காலையில், ஆளில்லாமல் பறந்து வந்த ஆயுதம் ஹமீதைச் சுட்டுக் கொன்றது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை, இயந்திரமே ஆளைத் தேர்ந்தெடுத்தது என்றார்கள். நான்கு வருஷம் ஆகிறது. பார்த்தவன் நான் ஒருவன்தான்.

இப்படிப்பட்ட ஆயுதங்களைக் கட்டுப்படுத்த ஜெனீவாவில் நாடுகள் கூடிப் பேசுகின்றன. அங்கே போகும் அதிகாரி ஒருவர் எங்களைப் போன்றவர்களிடம் கேட்டு எழுத தஞ்சாவூர் வந்திருந்தார். நடந்ததை முழுதாகச் சொன்னால் மெகருன்னிசாவும் கேட்பாள். அவளிடம் நான் சொல்லாதது ஒன்று இருந்தது.

ஆடுதுறை தாண்டியும் என் சட்டை நனைந்துகொண்டே வந்தது.

"என்னண்ணே, காலைக் காத்துலயே இப்படி வேர்க்குது? பொண்ணு பார்க்கவா போறீங்க?" என்றார் கண்டக்டர்.

முன் சீட்டிலிருந்து மெகருன்னிசா திரும்பினாள். "சாட்சி சொல்லப் போறாரு. நீங்க டிக்கெட்டைக் கிழிங்க."

7.25. கும்பகோணத்தில் பஸ் மாறினோம். தஞ்சாவூர் இன்னும் நாற்பது கிலோமீட்டர். பாபநாசம் பக்கம் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. என் மனம் அதில் நிற்கவில்லை.

10.30. கல்லூரி ஒன்றின் சிறிய அறை. ஜெனீவாவில் பேச்சு எப்படிப் போகிறது என்று மெகருன்னிசாதான் கேட்டாள்.

"வருஷக்கணக்கா போகுதும்மா" என்றார் அதிகாரி. "முழுசா தடை பண்ணணும்னு சில நாடு, இருக்கிற சட்டமே போதும்னு சில நாடு. எல்லாரும் ஒத்துக்கிட்டாதான் ஒப்பந்தத்துல ஒரு வரி நிக்கும். இயந்திரம் கொன்னா யார் பொறுப்பு? அந்த வரி வந்தா ஆளாளுக்கு நழுவுறாங்க."

பிறகு என்னைப் பார்த்தார். "ஹமீது ஆயுதம் வச்சிருந்தார்னு அதை ஏவுன ராணுவத்தோட அறிக்கை சொல்லுது. என்ன வச்சிருந்தார்?"

மெகருன்னிசா முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மண்வெட்டி. என்னோடது" என்றேன்.

அன்று எனக்கு இடுப்புப் பிடிப்பு. "நீ தூக்கிட்டு வாடா" என்று ஹமீதிடம் கொடுத்தேன். அவன் கையில் தொங்கவிட்டு நடந்தான். "காலை வெட்டிக்கப் போற, ஊர்ல மாதிரி தோள்ல போடு" என்றேன். போட்டுக்கொண்டான். வரப்பில் நடப்பவன் எவனும் அப்படித்தான் போடுவான்: இரும்பு இலை முதுகுப் பக்கம், மரக்காம்பு முன்னால் நீட்டிக்கொண்டு. மேலிருந்து இயந்திரம் அதைத் துப்பாக்கி என்று எடுத்துக்கொண்டது. பத்தடி பின்னால் வந்த நான் வெறுங்கையோடு இருந்தேன்.

இவ்வளவையும் சொல்லி முடித்தேன்.

மெகருன்னிசா என் பக்கம் திரும்பவில்லை. அதிகாரியிடம் சொன்னாள்: "தோள்ல மண்வெட்டி போட்டவரு வயலுக்குப் போறாருன்னு எங்க ஊரு குழந்தைக்கும் தெரியும் சார். அதை எழுதுங்க."

அவர் எழுதினார். "அங்க படிப்பேம்மா. ஏத்துக்குவாங்கன்னு சொல்ல முடியாது."

மதியம் 1.15. திரும்பும் பஸ்ஸில் அவள் தள்ளி உட்கார்ந்தாள். பொறுப்பு யாருக்கு என்று எழுத நாடுகள் நழுவுவதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு தெரு தள்ளி இருக்கும் அவள் வீட்டில் ஒரு வாக்கியம் சொல்ல எனக்கே நான்கு வருஷமும் ஓர் அதிகாரியும் வேண்டியிருந்தது.

குத்தாலத்தில் இறங்கியதும் நின்றாள்.

"பிள்ளைங்ககிட்ட நீங்களே வந்து சொல்லுங்கண்ணே. நான் சொல்ல மாட்டேன்."

"இப்பவா?"

"ஸ்கூல் விட்டுரும். வாங்க."

அவள் பின்னால் நடந்தேன்.