இருபத்திரண்டு வருட நெஞ்சுவலி

மருத்துவமனை நர்ஸை, அதாவது எங்கள் பேச்சில் மிஸ்ஸியை, சிரிக்க வைத்தால் சீக்கிரம் கவனிப்பார்கள் என்று நம்பிய மடையன் நான். எங்கள் ஊரான கூலாயில் ஒரு சாயங்காலம் திடீரென நெஞ்சு அடைத்து, சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. மனைவி கமலா காரை விரட்டி, தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்த்தாள்.

“எத்தனை நாளா வலிக்குது அங்கிள்?” என்று தமிழ் மிஸ்ஸி கேட்டார்.

கமலாவைக் காட்டி, “கல்யாணம் ஆனதிலிருந்து, மிஸ்ஸி. இருபத்திரண்டு வருசம்!” என்றேன். மிஸ்ஸி சிரிக்கவில்லை; அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மறுநாள் வீட்டுக்குக் கிளம்பும்போது காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிட்டது. காப்புறுதிக்கான மெடிக்கல் கார்டு எடுத்து ஐந்து வருடம்தானாம், நோய்க்கு இருபத்திரண்டு வயதாம். அலமாக்! பில்லைப் பார்த்ததும் நிஜமாகவே நெஞ்சு வலித்தது.

“காரை வித்துடலாமா கமலா?”

“உங்க வாயை வித்துடுங்க, அது போதும்.”

அவளே டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, வலி அன்றுதான் தொடங்கியது என்று கடிதம் கொடுத்தார். அதை வைத்து மேல்முறையீடு செய்தோம். காப்புறுதி முழுப் பில்லையும் கட்டிவிட்டது.

இப்போதெல்லாம் மிஸ்ஸிக்குக் கமலாதான் பதில் சொல்கிறாள். நாக்கை நீட்டச் சொன்னால் மட்டுமே நான் வாயைத் திறக்கிறேன்.

நெஞ்சுக்கு என்னவா? அன்று மத்தியானம் அவளுக்குத் தெரியாமல் மூன்று டுரியான் பழம் தின்றிருந்தேன். வெறும் வாயு.