கனடாவுக்கு முந்தின ஞாயிறு

மண்டபம் வாடகைக்கு விடுகிற வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: கல்யாணக்காரருக்கு வேண்டியது நல்ல நாள், கட்சிக்காரருக்கு வேண்டியது மற்றவனுக்கு ஒத்துவராத நாள். லண்டன் மோர்டனில் எங்கள் சமூக மண்டபத்தின் பதிவுகளை நான்தான் பார்க்கிறேன். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, நடன ரீச்சர், பழைய மாணவர் சங்கம் என்று எல்லாரிடமும் திட்டு வாங்கிப் பழகியவள். ஊரில் ஜனாதிபதித் தேர்தல் வருகிறது என்ற செய்தியோடு எங்கள் லண்டன் கட்சிக்காரர் படுத்திய பாடு அதிலெல்லாம் சேர்த்தி இல்லை. நீங்களும் எப்போதாவது ஒரு மண்டபத்தின் சாவியை வைத்திருந்தவர் என்றால் வாருங்கள், சேர்ந்தே தலையில் அடித்துக்கொள்வோம்.

யார் முந்தி

கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரை உறுப்பினர் வாக்கெடுப்பில் தெரிவு செய்யப் போவதாக அறிவித்தது. போட்டியில் இரண்டு பேர்: கொழும்புச் சட்டத்தரணி ஒருவர், யாழ்ப்பாணத்துப் பழைய எம்.பி. ஒருவர். வெளிநாட்டுக் கிளைகளும் வாக்களிக்கலாம், வாக்களிக்கும் நாளை அவரவரே குறித்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வசனம் சேர்த்துவிட்டார்கள். அந்த வசனத்தை எழுதிய புண்ணியவான் மட்டும் என் கையில் அகப்பட வேண்டும்.

லண்டன் கிளைத் தலைவர் பரமசிவம் சட்டத்தரணியின் ஆள். கனடாக் கிளை முழுக்க எம்.பி. பக்கம். அவர்கள் முந்தி வாக்களித்துவிட்டால் அந்தக் காற்று இங்கேயும் அடிக்கும் என்று பயந்து, கனடாவுக்கு முந்தின ஞாயிறைக் கேட்டார். செயலாளர் குகதாசன் எம்.பி.யின் ஆள். அந்தக் காற்று நன்றாக அடிக்கட்டும் என்று கனடாவுக்குப் பிந்தின ஞாயிறைக் கேட்டார். இரண்டு பேரும் மாறி மாறி போன் எடுத்து மற்றவர் பதிந்ததை வெட்டச் சொன்னார்கள். கிளையில் அநேகமாக எல்லாரிடமும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். இங்கே இருந்துகொண்டு ஊரில் ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கும் வாக்குக் கிடையாது. இதைத் தலைவரிடம் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் பதில் சொன்னார்.

"வோட்டுக்கும் கட்சிக்கும் என்ன சம்பந்தம், தங்கச்சி?"

இரண்டு பஞ்சாங்கம்

சமயமும் சாத்திரமும் கட்சி அலுவலுக்குள் வரக்கூடாது என்று அவர்களுடைய யாப்பில் இருக்கிறதாம். எனக்கு அதைச் சொன்னவரே செயலாளர்தான். அவரே வாக்கிய பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். தலைவர் கேட்ட ஞாயிறு அட்டமியாம், தொட்டது துலங்காதாம். செய்தி கேட்ட தலைவர் திருக்கணித பஞ்சாங்கத்தோடு ஓடிவந்தார். அதில் அட்டமி விடியவே முடிந்துவிடுகிறது. இந்த இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போகாமல் எங்கள் ஊர்க் கோயில்களே நாள் விஷயத்தில் பிரிந்து நிற்கின்றன. கட்சி எந்த மூலைக்கு?

பிறகு யாருக்கோ ஞானம் பிறந்தது. பஞ்சாங்கத்தில் இருப்பது யாழ்ப்பாண நேரம், லண்டனுக்குக் கழிக்க வேண்டுமென்றார். கோடைகாலம், ஒரு மணித்தியாலம் கூட்ட வேண்டுமென்றார் இன்னொருவர். ஒருவர் கணக்காளர், மற்றவர் பொறியியலாளர். என் மேசையில் ஒரு பின்னேரம் முழுக்கக் கூட்டிக் கழித்தார்கள். அந்த வேட்பாளர்கள் வென்றால் சனத்துக்கு என்ன செய்வார்கள் என்று ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. எங்கள் மண்டபத்தில் கதிரை அடுக்கும் முருகேசன் மதுரைக்காரர். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் மெல்ல என் பக்கம் வந்தார்.

"மேடம், நாற்காலி போட எது நல்ல நேரம்னு அதையும் கேட்டுச் சொல்லிடுங்க."

வசந்தா அக்காவின் சாப்பாடு

கடைசியில் தலைமைப்பீடம் பொறுமையிழந்து, எல்லா வெளிநாட்டுக் கிளையும் ஒரே ஞாயிறில் வாக்களிக்க வேண்டும் என்று நாளையும் குறித்துவிட்டது. அந்த ஞாயிறை நான் ஏற்கெனவே நோர்பரி வசந்தா அக்காவுக்குக் கொடுத்திருந்தேன். அவருடைய கணவர் செல்வராசா அண்ணை காலமாகி ஒரு மாதம் முடிகிறது. காலையில் அந்தியேட்டிக் கிரியை, மதியம் மண்டபத்தில் சனத்துக்குச் சாப்பாடு. அந்த மனிதர் இந்தக் கட்சிக்கென்றே தேய்ந்தவர். அப்டன் பார்க்கில் மழைக்குள் நின்று நோட்டீஸ் கொடுத்ததை நானே கண்டிருக்கிறேன்.

அதுவரை ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காத தலைவரும் செயலாளரும் ஒன்றாக வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்கள். வசந்தா அக்காவை வேறு நாளுக்கு மாற்றட்டாம். பிறந்தநாள் என்றால் தள்ளலாம், அந்தியேட்டியைத் தள்ளச் சொல்லி யாராவது கேட்பார்களா? ஏலாது என்றேன். அக்காவுக்கே போன் எடுத்துக் கேட்டார்கள். அவரும் ஏலாது என்றுவிட்டார். தலைவர் போனை வைத்துவிட்டு, ஏதோ அநியாயம் நடந்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். அவர் சொன்னதைக் கேட்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அண்ணை போயிட்டார். அவருக்கு இனி ஒரு கிழமை முந்தினால் என்ன, பிந்தினால் என்ன?"

படத்துக்கு முன்னால்

மண்டபம் சரிவரும் என்று இரண்டு பேரும் தங்கள் தங்கள் ஆட்களுக்கு அறிவித்திருந்தார்கள். இல்லை என்று முதலில் சொல்பவர் தோற்றவராகிவிடுவார் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஞாயிறு மதியம் இரண்டு கோஷ்டியும் திரண்டு வந்து வாசலில் முழித்தது. செத்த வீட்டுக் காரியத்துக்கு அழைப்பு வேண்டும் என்ற வழக்கம் எங்களிடம் இல்லை. வந்த எல்லாரையும் இருத்திச் சாப்பாடு போடச் சொன்னார் வசந்தா அக்கா. முருகேசன் உள்ள கதிரையெல்லாம் இழுத்துப் போட்டார். வந்தவர்களும் வெட்கமில்லாமல் வடை, பாயசம் என்று இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

கை கழுவிய ஈரம் காயுமுன் தலைவர் காருக்குள்ளிருந்து வாக்குப் பெட்டியைக் கொண்டுவந்து, செல்வராசா அண்ணையின் படம் வைத்திருந்த மேசையில் வைத்தார். சனம்தான் வந்திருக்கிறதே, கையோடு முடித்துவிடலாமாம். செயலாளர் கடுமையாக எதிர்த்தார். இடத்தை அல்ல, நேரத்தை! கனடாவில் சனம் இன்னும் பல் விளக்கியிருக்காது, இப்போது தொடங்கினால் லண்டன் முந்திவிடுமாம். சத்தம் ஏறி, செல்வராசா அண்ணை இருந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பார் என்று அவருடைய மாலை போட்ட படத்துக்கு முன்னாலேயே சண்டை பிடித்தார்கள். வசந்தா அக்கா பாயசவாளியோடு வந்தார். வாளியை மேசையில் வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"இவர் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை உங்கள் ரெண்டு பேரையும் ஒருக்காப் பாக்கவேணும் எண்டு கேட்டுக்கொண்டே கிடந்தவர். நான் போன் எடுக்கேக்கையெல்லாம் வாற கிழமை, வாற கிழமை எண்டு சொன்னியள். அதுக்கு மட்டும் உங்களுக்கு ஒரு நாள் கிடைக்கேல்லை."

பெட்டி வந்த வழியே காருக்குள் போனது. ஊரில் தேர்தலும் முடிந்து புது ஜனாதிபதியும் கதிரையில் ஏறிவிட்ட பிறகும், தங்கள் வேட்பாளரைத் தெரிவு செய்ய இவர்கள் என்னிடம் இன்னும் ஞாயிறு கேட்கிறார்கள், நானும் வாற கிழமை பார்ப்பம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.